அருளப்பன்பட்டி இசைக் கொள்முதல் குழு

இசைக்கு விலை கிடையாது. வானத்தையும் மண்ணையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு அது; அதைத் தராசுத் தட்டில் வைப்பவன் தன் ஆன்மாவையே எடைக்கு வைக்கிறான். அருளப்பன்பட்டி கத்தோலிக்கப் பங்குப் பாடகர் குழுவின் தலைவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான சின்னப்பராஜ், கோயிலை ஒட்டிய கூட்ட அறையில் எழுந்து நின்று, மேசையை இரண்டு விரலால் தட்டித் தட்டி இதைச் சொன்னார். சொல்லி முடித்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி, எம்புட்டு ஆகுதாம்?" என்று கேட்டார்.

"ஒரு டாலர் இருபத்தொம்பது சென்ட் சார்," என்றாள் ரீட்டா.

"நம்ம காசுக்கு?"

"நூத்திப் பத்து, நூத்திப் பதினஞ்சு வரும்."

சின்னப்பராஜ் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "ஒரு பாட்டுக்கா?"

இது நான்காவது கூட்டம். ரீட்டா தேவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பள்ளி விட்டு, நாற்பத்திரண்டு நோட்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்து இறங்கி, வீட்டுக்குள் கால் வைக்காமல் நேராக இங்கே வந்திருந்தாள். பை காலடியில் கிடந்தது. கூட்டம் நடக்கும்போதே நாலு நோட்டைத் திருத்திவிடலாம் என்று முதல் கூட்டத்தில் நினைத்திருந்தாள். தலைவர் பேசும்போது செயலாளர் குனிந்திருப்பது அவைக்கு அழகல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

போன வருஷம் வரை இந்தப் பங்குக்கு இசையை விலைக்கு வாங்கவேண்டிய அவசியம் வந்ததில்லை. ஸ்டான்லி கீபோர்டு வாசித்தான், மற்றவர்கள் பாடினார்கள். ஸ்டான்லிக்குக் கட்டப்பனையில் ஒரு கடையில் வேலை கிடைத்தது, போய்விட்டான். கீபோர்டும் போய்விட்டது, ஏனென்றால் அது அவனுடையது. அது இத்தனை வருஷமாகக் கோயில் சொத்து என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு வாரம் அவனை ஏசினார்கள். பிறகு செல்போன் கடை வைத்திருப்பவனும் கோயில் மைக்செட்டைக் கவனித்துக்கொள்பவனுமான எட்வின் ஒரு வழி சொன்னான். பாட்டில்லாமல் வெறும் இசை மட்டும் உள்ள பதிவுகள் நெட்டில் கொட்டிக் கிடக்கின்றன. இறக்கி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அதற்கு மேல் நாம் பாடவேண்டியதுதான். சல்லிக் காசு செலவில்லை. எல்லோருக்கும் மனசு குளிர்ந்தது.

அடுத்த ஞாயிறு புதிதாக வந்த பங்குச் சாமியார் ஏழாம் கட்டளையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். களவு என்றால் ஆட்டைத் திருடுவது மட்டுமல்ல, அடுத்தவன் உழைத்துப் போட்ட பாட்டைக் காசு கொடுக்காமல் செல்போனில் இறக்குவதும் களவுதான் என்றார். பெஞ்சுகளில் சில கைகள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டன. பூசை முடிந்து எட்வின் போய்க் கேட்டதற்கு, "காசு கொடுத்து வாங்கிக்கங்க, அவ்வளவுதானே," என்று சொல்லிவிட்டுச் சாமியார் சாப்பிடப் போய்விட்டார். அவர் சொன்னது நாலே வார்த்தை. அந்த நாலு வார்த்தையிலிருந்து சின்னப்பராஜ் ஒரு தலைவர், ஒரு தொழில்நுட்ப ஆலோசகர், ஒரு மூத்த உறுப்பினர், ஒரு செயலாளர் கொண்ட இசைக் கொள்முதல் குழுவை உண்டாக்கினார். தலைவர் அவர். ஆலோசகர் எட்வின். மூத்த உறுப்பினர் பாக்கியம். டேபிள் போடுவது, மினிட்ஸ் எழுதுவது, டீ வாங்கி வரச் சொல்வது, டம்ளர் கழுவி வைப்பது ஆகியவற்றுக்கு ரீட்டா.

அவள் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாக்கியம் இந்தக் கோயிலில் இருபத்திரண்டு வருஷமாகத் தனிக்குரல் பாடியவர். சித்திரையில் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன். ஒரு வருஷத்துக்குப் பாடக்கூடாது என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார். ரீட்டா பத்தொன்பது வருஷமாக இரண்டாவது வரிசை. ஆமென், அல்லேலூயா, இந்த இரண்டைத் தாண்டி மூன்றாவது ஒரு சொல் அவள் குரலில் தனியாக அந்தக் கோயிலில் கேட்டதில்லை. சாமியார் ஊருக்குப் புதுசு. யார் எந்த வரிசை என்று தெரியாமல், திருவிழாப் பூசையில் காணிக்கைப் பாட்டை நீங்களே பாடிவிடுங்கள் டீச்சர் என்று சொல்லிவிட்டார். விதைநெல்லைக் கடவுள் முன்னால் கொண்டுவந்து வைப்பதாகத் தொடங்கும் பாட்டு அது. ஊரில் விதைநெல் பாட்டு என்பார்கள். பல்லவி, இரண்டு சரணம். பஸ்ஸில் உதடு அசையாமல் பாடிப் பார்த்தாள். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு அந்த இரைச்சலுக்கு அடியில் வாய்விட்டுப் பாடிப் பார்த்தாள். கோயில் கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கர் வழியாகத் தன் குரல் ஒரே ஒரு தடவை வெளியே வந்து தேவாரம் ரோடு வரை போகவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அதற்கு இசை வேண்டும். இசைக்குக் குழு வேண்டுமாம்.

இரண்டாவது கூட்டத்தில் அவள் நாலு கடைகளை ஒப்பிட்டு ஒரு பட்டியல் போட்டு, பள்ளிக்கூடத்துப் பிரிண்டரில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். பாக்கியம் தாளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்பதாம் வகுப்பு வினாத்தாள்.

"ஏத்தா ரீட்டா, இதுல எந்தக் கடை எங்கன இருக்கு?"

"எங்கனயும் இல்ல அயித்தை. எல்லாம் ஆன்லைன்."

"போடிக்குப் போனா வாங்க முடியாதா? பஸ்ஸு இருக்கே."

"போடியில விக்க மாட்டாக."

"அப்ப என்ன கடை," என்று சொல்லித் தாளை மடித்து விசிறிக்கொண்டார்.

முதல் கடை, எல்லோர் போனிலும் இருப்பது. அங்கே பாட்டை விற்பதையே நிறுத்திவிட்டார்கள்; மாதச் சந்தா கட்டினால் கேட்டுக்கொள்ளலாம். கட்டுவதை நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும் என்றாள் ரீட்டா.

"அப்ப வாடகை," என்றார் சின்னப்பராஜ்.

"அப்படித்தான் சார்."

"வாடகைப் பாட்டைக் கொண்டுபோய் ஆண்டவருக்குக் காணிக்கையா வைக்கிறதா? நல்லா இருக்கே கத."

"பந்தலு வாடகை," என்றார் பாக்கியம். "சீரியல் செட்டு வாடகை. சப்பரத்துக்கு ஜெனரேட்டரு வாடகை. போன வருசம் சம்மனசு வேசத்துக்கு ரெக்கை, அதுவும் வாடகை. பாட்டுக்கு மட்டும் என்ன வந்துச்சாம்."

கொள்கை அளவில் நிராகரிக்கப்பட்டது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் தலைவர். ரீட்டா எழுதினாள்.

இரண்டாவது கடையில் ஒற்றைப் பாட்டாகத் தரமாட்டார்கள். பதினெட்டுப் பாட்டும் சேர்த்துத்தான். அதில் பதினேழு கிறிஸ்துமஸ் பாட்டு. ஆவணி மாதத் திருவிழாவுக்கு அவ்வளவு மாட்டுத்தொழுவம் தேவையில்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

மூன்றாவது, அந்தப் பாட்டை வெளியிட்ட சென்னைக் கம்பெனியின் சொந்தக் கடை. நாற்பது ரூபாய். வெறும் இசை மட்டும் என்று தனியாகவே போட்டிருந்தார்கள். ரீட்டாவுக்கு இதுதான் பிடித்திருந்தது. அன்றைக்கே அரை நிமிஷத்தில் வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தால் மேல் மூலையில் ஒரு காகித நட்சத்திரம், டிசம்பரிலிருந்து யாரும் இறக்கி வைக்காமல், ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. கீழே ஒன்பது நாள் புனிதப் பயணத்துக்கு விளம்பரம், அதற்கும் கீழே ஒரு கேட்டரிங் நம்பர். சின்னப்பராஜ் ரீட்டாவின் போனைக் கை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு பங்கு போய் வாங்கக்கூடிய இடமாக அது தோன்றவில்லை என்றார்.

"அதோட அது எம்பித்ரீ," என்றான் எட்வின், மெதுவாக.

அவ்வளவுதான், தலைவர் நிமிர்ந்துவிட்டார். எம்பித்ரீயைப் பற்றி அவர் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். "பத்துல ஒம்போது பங்கு இசைய வடிச்சுத் தூரப் போட்டுர்றான். மிச்சம் இருக்கிற சக்கையைத்தான் உலகமே கேட்டுக்கிட்டு இருக்கு. சக்கையையா காணிக்கையா வைக்கிறது?"

நாலாவது அமெரிக்கக் கடை. அங்கே ஒன்றையும் வடிக்காத, பிழியாத, பெரிய கோப்பாகவே விற்றார்கள். வேவ் ஃபைல் என்று எட்வின் சொன்னபோது அந்தச் சொல்லைத் தலைவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அருளப்பன்பட்டி கோயில் கோபுரத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர்கள். ஒன்றில் மைனா குடியிருக்கிறது. உள்ளே தூண்களில் இரண்டு பெட்டி, ஏதோ ஒரு வருஷத் திருவிழாவுக்கு உபயமாக வந்தவை. சாமியார் "சமாதானம் உங்களோடு" என்பது அந்தக் குழாய் வழியாக வந்தால், டெம்போவில் தக்காளி விற்பவன் கூவுவது மாதிரிதான் இருக்கும். இரண்டும் ஊருக்கு ஒரே கரகரப்பு.

"சார், நம்ம குழாய்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும்," என்றாள் ரீட்டா.

சின்னப்பராஜ் கூரையைப் பார்த்தார். "கேக்குறது மனுசக் காது மட்டும் இல்ல டீச்சர்."

ரீட்டா அதையும் மினிட்ஸில் எழுதிக்கொண்டாள்.

"அமெரிக்காக் கடையிலயும் வெறும் இசைதானா? பாட்டோட இருக்கப்போகுது," என்று மட்டும் கேட்டாள்.

"அதே பாட்டு, அதே கம்பெனி, அதே படம் போட்டிருக்குக்கா," என்றான் எட்வின். "முப்பது செகண்டு மாதிரி போட்டுக் கேட்டாத் தெரிஞ்சிரப்போகுது."

மாதிரியைக் கேட்பதற்கென்று நடந்ததுதான் இந்த நான்காவது கூட்டம். கூட்ட அறையில் சிக்னல் வராது. பக்கத்தில் பொட்டிப்புரம் மலையைக் குடைந்து, கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒரு துகளைப் பிடிக்க ஆய்வுக்கூடம் வரப்போவதாக ரொம்ப வருஷமாகப் பேச்சு. அருளப்பன்பட்டிக்காரர்களுக்கு அதில் பெரிய அதிசயம் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத செல்போன் சிக்னலைப் பிடிக்கவே அவர்கள் படாத பாடு பட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் இரண்டு கோடு நிலையாக நிற்கிற ஒரே இடம் கல்லறைத் தோட்டத்துக் கீழ்ப்புறச் சுவர். விலையைக் கேட்டு ஒருவாறு மனதைத் தேற்றிக்கொண்ட தலைவர் முன்னால் நடக்க, குழு அங்கே போய் நின்றது. எட்வின் தன் கடையிலிருந்து ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, யாரோ ஒரு சவரிமுத்துவின் தலைமாட்டில் வைத்தான். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது.

"மொதல்ல சென்னைக் கடை," என்றான்.

புல்லாங்குழல். முப்பது நொடி. சட்டென்று அறுந்தது.

"இப்ப அமெரிக்கா."

போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எட்வின் கையை உயர்த்தினான், தாழ்த்தினான், சுவர்மேல் ஏறி நின்றான். எதையோ அழுத்தினான். திரும்பப் புல்லாங்குழல் வந்தது.

சின்னப்பராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்தும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை.

"மூச்சு கேக்குது பாத்தீகளா," என்றார் பிறகு. "வாசிக்கிறவன் மூச்சு எடுக்குறான். அது மொதல்ல போட்டதுல இல்ல."

"ஆமா," என்றார் பாக்கியம். "மொத வந்தது சளி பிடிச்சாப்ல இருந்துச்சு. இது தொண்டை கனிஞ்சு வருது."

"பேஸ் நல்லா இருக்கு," என்றான் எட்வின். தொழில்நுட்ப ஆலோசகர் அதையாவது சொல்லவேண்டும்.

ரீட்டா எட்வினுக்குப் பின்னால் நின்றிருந்தாள். போனின் மேல் மூலையில் காகித நட்சத்திரம் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அமெரிக்கா திறக்கவே இல்லை. சென்னைப் புல்லாங்குழலையே இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள்.

அவள் வாய் திறக்கத்தான் போனாள். திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். எட்வினுக்கு முகம் சுருங்கும். தலைவர் தம் காதை விட்டுக்கொடுக்கமாட்டார். மறு கேட்பு என்று ஒன்று வைப்பார்கள், வியாழக்கிழமை. வியாழக்கிழமை மழை வந்தால் சனிக்கிழமை. திருவிழாவுக்கு இன்னும் பதினோரு நாள். நாற்பத்திரண்டு நோட்டு. குமுளிக்குக் காய்கறி லோடு போன வீட்டுக்காரர் எட்டு மணிக்குப் பசியோடு வருவார். இடுப்பு வலித்தது.

"என்ன டீச்சர், நீங்க ஒண்ணும் சொல்லலையே," என்றார் தலைவர்.

"நல்லா இருக்கு சார். ரெண்டாவதையே வாங்கிருவோம்."

ஒருமனதாக என்று மினிட்ஸில் எழுதினாள். அவள் எழுதிய மினிட்ஸில் பொய் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

வாங்குவதென்று முடிவானால் வாங்கிவிடலாம் என்று நினைப்பது குழுக்களோடு பழகாதவர்களின் வழக்கம். தன் கார்டிலேயே வாங்கிவிடுவதாக ரீட்டா அன்றைக்கே சொன்னாள். நூற்றுப் பதினைந்து ரூபாய், திருப்பித் தரவேண்டாம் என்றாள்.

"தனிநபர் வாங்குனா அது தனிநபர் சொத்து," என்றார் சின்னப்பராஜ். "நாளைக்கு நீங்க ஸ்டான்லி மாதிரி கட்டப்பனைக்குப் போயிட்டீகன்னா?"

"நான் எதுக்கு சார் கட்டப்பனைக்குப் போறேன்?"

"அவனும் அப்படித்தான் சொன்னான்."

ஆக, பங்கின் பெயரில் உள்ள கார்டு. அது சாமியாரிடம் இருந்தது. அந்தக் கார்டு வெளிநாட்டுக்குத் திறக்கப்படவில்லை. திறக்கவேண்டுமென்றால் சாமியாரின் போனுக்கு ஓடிபி வரும். சாமியார் மதுரைக்கு ஐந்து நாள் தியானத்துக்குப் போயிருந்தார். அங்கே வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அவர் திரும்பி வந்தபிறகு, கார்டைத் திறந்துவிட பேங்க் மிச்ச நாளை எடுத்துக்கொண்டது. ரீட்டா தினமும் பஸ்ஸில் விதைநெல் பாட்டை இசை இல்லாமல் பாடிப் பார்த்துக்கொண்டு போனாள். சாயங்காலம் பாக்கியம் வீட்டு வாசலைத் தாண்டும்போது, அவர் முறத்தோடு உட்கார்ந்தபடி கேட்பார்.

"வந்துருச்சா உன் அமெரிக்கா?"

"இன்னும் இல்ல அயித்தை."

"நானெல்லாம் ஆர்மோனியம்கூட இல்லாமப் பாடுனவ. பாத்துக்க. உனக்கு மேல்சுருதி எட்டாது, ரெண்டாவது சரணத்துல சாமர்த்தியமா எறங்கிரு. யாரும் கண்டுக்க மாட்டாக."

கொள்முதல் நடந்தது திருவிழா அன்று காலை ஏழு ஐம்பதுக்கு. எட்டரைக்குப் பூசை. கல்லறைச் சுவரோரம் எட்வின் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். சாமியார் பாதி உடுத்திய வெள்ளை அங்கியோடு போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு எண்களை உரக்கப் படித்தார். பட்டுச் சேலை கட்டிக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த கருத்தம்மாள், கல்லறைத் தோட்டத்தில் அங்கியோடு சாமியார் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பூவை ஒதுக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"யாருக்கு என்னாச்சு சாமி?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. பாட்டு வாங்குறோம்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

நாற்பத்தேழு எம்பி. பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. இரண்டாம் மணி அடிக்கும்போது முடிந்தது. எட்வின் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ரீட்டா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"ஒரு தடவ போட்டுக் கேட்டுருவோமா எட்வின்?"

"எங்கனக்கா கேக்குறது, உள்ள ஜெபமாலை ஓடிக்கிட்டு இருக்கு. லேப்டாப்புல ஸ்பீக்கரு அவுட்டு. அதான் கேட்டோம்ல, கல்லறையில."

கல்லறையில் கேட்டது எந்தக் கடை என்று அவளுக்குத்தான் தெரியும்.

பிரசங்கம் நீண்டது. பிறகு காணிக்கை. ரீட்டா முதல் தடவையாக முன்வரிசையில், தூணுக்கு அருகில், மூன்றாம் நம்பர் மைக்கின் முன் நின்றாள். பாக்கியம் முதல் பெஞ்சில், கழுத்துத் தழும்பை மறைத்துச் சேலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னப்பராஜ் கையை உயர்த்தினார். எட்வின் பித்தானை அழுத்தினான்.

தபேலா, வீணை, நன்றாகத்தான் இருந்தது. சின்னப்பராஜ் எட்வினைப் பார்த்துத் தலையாட்டினார். ரீட்டா மூச்சை இழுத்து, விதைநெல் என்று வாயைத் திறந்தாள்.

ஸ்பீக்கரில் ஒரு பெண் பாடத் தொடங்கினாள். யாரோ சென்னைக்காரி. தேன் மாதிரியான குரல். பாட்டோடு உள்ள பாட்டைத்தான் வாங்கியிருந்தார்கள்.

ரீட்டா நிறுத்தவில்லை. பத்தொன்பது வருஷம் காத்திருந்தவள் ஒரு வரியில் எப்படி நிறுத்துவாள்? அவளும் பாடினாள். ஒரே சொல்லை இரண்டு பெண்கள் கால் நொடி முன்னும் பின்னுமாகச் சொல்ல, நெல் நெல் என்று கோயிலுக்குள் எதிரொலித்தது. நாலாவது பெஞ்சில் ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது. எட்வின் வெலவெலத்துப் போய் மைக்செட் மிக்சரைப் பார்த்தான். அவன் எதிரில் இரண்டு பித்தான்கள் இருந்தன. ஒன்றைக் குறைக்கவேண்டும், யோசிக்க நேரமில்லை. மூன்றாம் நம்பர் மைக்கைக் கீழே இறக்கினான். பிறகு ரீட்டாவைப் பார்த்து, கண்ணாலேயே கும்பிட்டுக்கொண்டு, பாடுங்கக்கா, பாடுங்க, என்று உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினான்.

அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். கோபுரத்துக் குழாய் வழியாகச் சென்னைக்காரியின் குரல் தேவாரம் ரோடு வரை போனது. பல்லவி முடிந்து, முதல் சரணம் முடிந்து, இடையிசை வந்தது. அது புல்லாங்குழலேதான். அந்த நேரத்தில் காணிக்கைப் பவனி வாசலுக்குள் நுழைந்தது. திராட்சைக் கூடை, ஏலக்காய்த் தட்டு, வாழைத்தார், கடைசியாகக் கழுத்தில் மாலையோடு ஒரு வெள்ளாடு. ஆடு உள்ளே வர மறுத்து நடுவில் நின்றுகொண்டது. முதல் பெஞ்சு உட்படக் கோயில் முழுக்கக் கழுத்தைத் திருப்பி, பாட்டு முடியும்வரை ஆட்டையே பார்த்தது.

பூசை முடிவில் சாமியார் அறிக்கை வாசித்தார். நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கிய இசையும், நம் ரீட்டா டீச்சரின் குரலும் இன்றைய காணிக்கையை அர்த்தமுள்ளதாக்கின என்றார். கைதட்டினார்கள். வெளியே பந்தலில் கேசரி கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் சின்னப்பராஜ் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னேன்ல டீச்சர்? வேவ் ஃபைலு. உங்க குரலையே வேற மாதிரி தூக்கிக் கொடுத்துருச்சு பாருங்க."

"ஆரம்பத்துல கொஞ்சம் எக்கோ அடிச்சுச்சு," என்றான் எட்வின், யாரையும் பார்க்காமல். "சரி பண்ணிட்டேன்."

ரீட்டா எட்வினைப் பார்த்தாள். அவன் கேசரியைப் பார்த்தான். உண்மையை இப்போது சொன்னால் சாமியார் மறுபடி அறிக்கை வாசிக்கவேண்டும். சின்னப்பராஜ் விசாரணைக்கு ஒரு குழு போடுவார். அதற்கும் ஒரு செயலாளர் வேண்டும்.

"நல்லா இருந்துச்சு சார்," என்றாள்.

கோயில் படியை ஒட்டிய நிழலில் பாக்கியம் நின்றிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் இன்னொருத்தி பாட்டை அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. ரீட்டா தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னமோ நினைச்சேன்த்தா உன்னைய. இந்தப் பாட்டை நானும் எத்தனையோ திருநாளுக்குப் பாடியிருக்கேன். எனக்குக்கூட அந்த எடம் இப்படி வந்ததில்ல. ரெண்டாவது சரணத்துல மேல போயி நின்ன பாரு, என் கண்ணு கலங்கிருச்சு. இனி நீயே பாடு."

இரண்டாவது சரணத்தின்போது ரீட்டா தூணுக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.